ஜூரியின் முன் நிற்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து இணையவழியில் நடத்திய, வாக்களித்து ஒவ்வொருவராக வெளியேற்றும் ஓர் ஆட்டத்தில் இறுதி இருவரில் ஒருவனாக வந்து, ஜூரி வாக்கெடுப்பில், அதாவது ஏற்கெனவே வெளியேற்றப்பட்டவர்கள் கேள்வி கேட்டு வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில், 7-2 என்று தோற்றேன். கூட்டணியை உருவாக்கியது நான். முக்கியமான வெளியேற்றங்களைத் திட்டமிட்டதும் நான். என்னுடன் இறுதிக்கு வந்தவர் எல்லோரிடமும் இனிமையாகப் பழகியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஜூரியில் இருந்த ஒரு பெண், “அன்றிரவு என் அப்பாவின் நோயைப் பற்றி உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் பெயரை முடிவு செய்துவிட்டீர்களா?” என்று கேட்டார். “அது தனிப்பட்ட விஷயம் அல்ல, வெறும் விளையாட்டுதான்” என்று நாகரிகமாகவே பதில் சொன்னேன். கசப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் ஜூரியிடம் வியூகத்தை எப்படித்தான் நியாயப்படுத்துவது? பொய்களை ஒப்புக்கொள்வதா, மறைப்பதா? வேறொருவரை இறுதிக்கு அழைத்து வந்திருக்க வேண்டுமா? நான் முதலில் பேசியது பாதகமாகிவிட்டதா? அடுத்த ஆட்டத்துக்கான இறுதி உரையை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?

கே.

அன்புள்ள கே.,

இறுதிவரை வந்து தோற்பதன் வலி எனக்குப் புரிகிறது. முதல் வாரத்திலேயே வெளியேறியவருக்கு வாய்க்கும் நிம்மதிகூட இரண்டாம் இடத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. இரவெல்லாம் விழித்திருந்து வாக்குகளை எண்ணிப் பார்த்த உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொற்றொடர் என்னை எரிச்சலூட்டியது. நெடுநாளாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை அது தொட்டுவிட்டதால்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் பேசுவதா பின்னர் பேசுவதா என்பதெல்லாம் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் தோற்றவர் கேட்கும் கேள்வி அல்ல, விட்டுவிடுங்கள். ‘கசப்பான ஜூரி’ என்பதையும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. மிகச் சிறந்த வியூகம் வகுத்தவருக்கே வாக்களிக்க வேண்டும் என்று இந்த ஆட்டத்தில் எந்த விதியும் கிடையாது. எந்த அளவுகோலால் அளப்பது என்பதை ஒவ்வொரு ஜூரரும் தாமே முடிவு செய்கிறார். இதே வகை ஆட்டமான அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி சர்வைவரின் முதல் சீசனில், 2000ஆம் ஆண்டு, ஒன்றுக்கும் பத்துக்கும் இடையே ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லி, அதை வைத்துத் தம் வாக்கைத் தீர்மானிப்பதாக ஒரு ஜூரர் அறிவித்தார். அந்த இறுதி வாக்கெடுப்பு 4-3 என்று முடிந்தது என்பதை நினைத்தால் அந்தக் கேலியின் விலை தெரியும். ஜூரி கேள்வி கேட்கும் அதே இறுதிச் சபையில் சூ ஹாக் என்ற ஜூரர், இறுதி இருவரில் ரிச்சர்ட் ஹாட்சைப் பாம்பு என்றும் கெல்லி விக்கிள்ஸ்வொர்த்தை எலி என்றும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பாம்புக்கே வாக்களித்தார். அவரைவிடக் கசப்பான ஜூரரை நான் பார்த்ததில்லை. அந்தக் கசப்பு, ஊரறிந்த சூழ்ச்சிக்காரரான ஹாட்சை வீழ்த்தவில்லை, தோழியாக இருந்து விலகிப்போனவளைத்தான் வீழ்த்தியது.

சர்வைவரில் சூழ்ச்சிக்குப் பேர்போன ரசல் ஹான்ட்ஸை நீங்கள் உதாரணமாகக் காட்டுவீர்கள் என்று தெரியும், உங்களைப் போன்றவர்கள் எல்லோரும் காட்டுகிறார்கள். 2009இல் ஒளிபரப்பான சமோவா சீசனில் நேட்டலி வைட்டிடம் 7-2 என்று தோற்றார். 2010இல் மீண்டும் இறுதிக்கு வந்தார். சாண்ட்ரா டயஸ்-ட்வைனுக்கு ஆறு வாக்குகள், பார்வதி ஷாலோவுக்கு மூன்று, ஹான்ட்ஸுக்கு ஒன்றுமே இல்லை. உடனே ஆட்டத்திலேயே குறை இருக்கிறது, பார்வையாளர்களுக்கும் வாக்கு வேண்டும் என்று வாதாடினார். உங்கள் கடிதத்தின் தொனியும் அதுவேதான். வாக்கு கையில் இருப்பவர்களை மதிக்காமல் வாக்கை மட்டும் கேட்பது என்ன வியூகம்?

சரி, உங்கள் பதிலுக்கு வருகிறேன். ‘தனிப்பட்ட விஷயம் அல்ல, வெறும் விளையாட்டுதான்.’ எதை நாகரிகம் என்கிறீர்கள்? அந்தப் பெண் தம் தந்தையின் நோயைப் பற்றி உங்களிடம் சொன்னார். நீங்கள் கேட்டீர்கள், ஆறுதலும் சொல்லியிருப்பீர்கள். அந்த உரையாடலால்தான் அவர் உங்களை நம்பினார், அந்த நம்பிக்கையால்தான் உங்கள் பேச்சைக் கேட்டு மற்றவர்களுக்கு எதிராக வாக்களித்தார், அவருடைய அந்த வாக்குகளின் மேல் ஏறித்தான் நீங்கள் இறுதிக்கு வந்தீர்கள். வாங்கும்போது தனிப்பட்டதாக இருந்தது, கணக்குக் கேட்கும்போது மட்டும் எப்படி விளையாட்டாக மாறும்? இந்த ஆட்டத்தில் ஓடிப் பிடிக்கவும் தூக்கிச் சுமக்கவும் இருக்கும் போட்டிகள் கொஞ்சம்தான், மீதி எல்லாம் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்புவதும் நம்ப வைப்பதும்தான். தனிப்பட்டது எதுவும் இல்லை என்று சொல்வதன் மூலம், நீங்கள் செய்த ஒரே வேலையைச் செய்யவேயில்லை என்று அவரிடம் சாதிக்கிறீர்கள். அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? ‘அன்றிரவு நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை’ என்றுதானே?

பொய்யை ஜூரி மன்னிக்கும். தன்னை ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்பதை மன்னிக்காது. 2002இல் அமெரிக்க பிக் பிரதரின் மூன்றாம் சீசனில் டேனியல் ரேயஸ் வீட்டுக்குள் எல்லோருக்கும் வேண்டியவராகவே இருந்தார். ஆனால் வெளியேறியவர்கள் அப்போது தத்தம் வீடுகளில் நிகழ்ச்சியைப் பார்க்க முடிந்தது. தங்கள் முதுகுக்குப் பின்னால் காமிராவிடம் அவர் என்ன பேசினார் என்பதைப் பார்த்துவிட்டு வந்து, இறுதியில் அவருடன் நின்ற லிசா டொனஹ்யூவுக்கு 9-1 என்று வெற்றியைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜூரியை நிகழ்ச்சி கண்ணில் படாதபடி தனியே தங்கவைக்கத் தொடங்கினார்கள்.

நானும் ஒருமுறை இப்படி ஓர் ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டு ஜூரியில் உட்கார்ந்திருக்கிறேன். என்னை வெளியேற்றிய பெண்ணுக்கு வாக்களிப்பதில்லை என்ற முடிவோடுதான் போனேன். என் முறை வந்தபோது, ஏன் என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னாள்: “நீங்கள் பேசினால் மற்றவர்கள் மனம் மாறிவிடுவார்கள் அண்ணா. அதனால் நீங்கள் தூங்கப் போகும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் எல்லோரையும் அழைத்தேன். மறுநாள் காலையில் நீங்கள் வணக்கம் சொன்னபோது பதில் எழுதி எழுதி அழித்தேன்.” நான் அந்தக் காலையை நினைத்துப் பார்த்தேன். திரையில் அவள் பெயருக்குக் கீழே ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று தோன்றுவதும் மறைவதுமாக வெகுநேரம் இருந்தது எனக்கு நினைவிருந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, பொய்யை மறைக்கவுமில்லை. எனக்கு எதிராக என்ன செய்தாள், அதை ஏன் எனக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருந்தது என்று எனக்கு மட்டுமே பொருந்தும் ஒரு பதிலைச் சொன்னாள். என் வாக்கு அவளுக்கே போயிற்று.

பொய்களை ஒப்புக்கொள்வதா மறைப்பதா என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2007இல் சீனாவில் நடந்த சர்வைவரில் டாட் ஹெர்சாக் 4-2-1 என்று வென்ற இறுதிச் சபையைப் பாருங்கள். அவரும் சூழ்ச்சிக்காரர்தான், அதை மறுக்கவும் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்து, அவருக்கு உரிய பதிலைச் சொன்னார். உங்கள் பதிலையோ ஒன்பது பேரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

யாரை இறுதிக்கு அழைத்து வந்திருக்க வேண்டும் என்பது பெரிய விஷயமே அல்ல. இனிமையாகப் பழகியதைத் தவிர எதுவும் செய்யவில்லை என்று நீங்கள் சொல்லும் அந்த மனிதர், இரவுகளில் ஒன்பது பேரிடமும் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று ஒருமுறையாவது விசாரித்தீர்களா? அதுவும் ஆட்டம்தான், உங்களுடையதைவிட நல்ல ஆட்டம்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆமா, இல்லையா என்றுதான் கேட்டார். இனி அவருடைய வாக்கால் உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை, ஆகவே இப்போது தாராளமாகச் சொல்லலாம். அப்படியே அவருடைய தந்தை எப்படி இருக்கிறார் என்றும் கேளுங்கள்.

அடுத்த ஆட்டத்துக்கான உரையை அனுப்ப வேண்டாம். யார் யார் ஆட வருகிறார்கள் என்பதே தெரியாதபோது, அதை யாரை நோக்கி எழுதினீர்கள்?

அன்புடன்