பெயர் எழுதிய ரெசின் கீசெயின், 2 நாள் ஆகியும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் அளவுதான் காரணம். ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனர் திரவமும் சேர்ந்து வேதிவினை நடந்தால்தான் எபாக்ஸி எனும் இந்த வகை ரெசின் இறுகும். இது பெயின்ட் மாதிரி காய்வதில்லை. சீக்கிரம் இறுகட்டுமென்று ஹார்டனரைக் கூட்டினால் மிச்சமானது அப்படியே ஒட்டும். டப்பாவில் ரெசினுக்கும் ஹார்டனருக்கும் 2:1 என்றிருந்தால், அது எடையா கொள்ளளவா என்றும் பாருங்கள். கப்பின் ஓரம், அடி எல்லாம் வழித்து, 3 நிமிடமாவது நிதானமாகக் கலக்குங்கள்.

அடுத்த சந்தேகம் நிறத்தின் மேல். கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினீர்களா? ரெசினுக்கு ஈரம் ஆகாது. மைக்கா பவுடரோ (மினுமினுக்கும் நிறத்தூள்) ரெசினுக்கான பிக்மென்ட் பேஸ்ட்டோ (நிறப் பசை) கொஞ்சமாகப் போதும்.

கல்யாண மாலைப் பூவைப் பதிப்பதானால் சருகாகக் காயவைத்தபின் ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் பழுப்பாகிவிடும். கையுறை கட்டாயம், ஜன்னலும் திறந்திருக்கட்டும்.