டெசராக்டை டாக்கரில் பில்ட் செய்வது: கேள்வி பதில்

எச்பி ஆய்வகத்தில் 1980களில் உருவாகத் தொடங்கி, 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்ட எழுத்துணரி மென்பொருள் டெசராக்ட். டெபியன் என்ற லினக்ஸ் வகை தரும் ஆயத்தத் தொகுப்பே பெரும்பாலானோருக்குப் போதும் என்பதே என் கருத்து. இருப்பினும், ஏதோ ஒரு காரணத்தால் மூலநிரலிலிருந்து டாக்கர் கண்டெய்னருக்குள் (நிரலை அதன் தேவைகளோடு தனியே ஓட்டும் சூழலுக்குள்) பில்ட் செய்தாக வேண்டியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: படங்களைக் கையாளும் லெப்டோனிக்கா நூலகத்தை நிறுவிய பிறகும், "லெப்டோனிக்கா 1.74 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை" என்று கூறி, பில்டுக்கு முன் தேவைகளைச் சரிபார்க்கும் கான்ஃபிகர் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: இயங்குவதற்கான தொகுப்பை மட்டும் நிறுவியிருப்பீர்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் நிரல் ஓடத் தேவையான நூலகக் கோப்பு ஒரு தொகுப்பிலும், கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகளும் பதிப்பெண்ணைத் தாங்கிய பிசி கோப்பும் பெயரின் இறுதியில் 'டெவ்' என வரும் வேறொரு தொகுப்பிலும் இருக்கும். கான்ஃபிகர் தேடுவது அந்த பிசி கோப்பைத்தான். எனவே லிப்லெப்டோனிக்கா-டெவ் தொகுப்பைச் சேருங்கள். லெப்டோனிக்காவையும் நீங்களே பில்ட் செய்து யூஎஸ்ஆர்-லோக்கலில் வைத்திருந்தால், ஃபெடோரா வகை இமேஜ்களில் (கண்டெய்னர் உருவாகும் வார்ப்புகளில்) பிசி கோப்புகளைத் தேடித்தரும் பிகேஜி-கான்ஃபிக் அந்த இடத்தைத் தானாகப் பார்ப்பதில்லை என்பதால், அதன் தேடுபாதையை, இமேஜை உருவாக்கும் கட்டளைகள் அடங்கிய டாக்கர்ஃபைலின் என்வி வரியில் குறிப்பிட வேண்டும்.

கேள்வி: கம்பைல் வேலைகளை நடத்தும் மேக் கட்டளை சில நிமிடங்கள் ஓடியபின் "கில்டு" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. நிரலில் பிழை எதுவும் தென்படவில்லை.

பதில்: நிரலில் பிழை இல்லை, நினைவகம் தீர்ந்ததால் கெர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கிறது. 137 என்ற வெளியேற்ற எண்ணைத் தேடிக் காணாமல் பலர் குழம்புகிறார்கள். 128-உடன், கட்டாயமாகக் கொல்லும் சிக்னலின் எண்ணான 9-ஐக் கூட்டினால் வருவது அது. ஆனால் இங்கே கொல்லப்பட்டது மேக்கின் கீழ் ஓடிய கம்பைலர் என்பதால், மேக் தன் பங்குக்கு 2 என்ற எண்ணோடு வெளியேறும். '-ஜே' என்பதற்குப் பின் எண் கொடுக்காவிட்டால் இணையாக ஓடும் வேலைகளுக்கு வரம்பே இராது. கோர்களை எண்ணிச் சொல்லும் என்ப்ராக் கட்டளை தரும் எண்ணோ ஹோஸ்ட் கணினியின் கோர்களைப் பார்த்துச் சொல்வதாக இருக்கலாம், உங்களுக்கு ஒதுக்கிய நினைவகத்தை அது அறியாது. '-ஜே2' என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆப்பிளின் மேக் கணினியிலோ விண்டோஸிலோ டாக்கர் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் நினைவக வரம்பையும் உயர்த்துங்கள். முழு வெளியீட்டையும் காண, டாக்கர் பில்டுக்கு ப்ராக்ரஸ் ஈக்வல் ப்ளெயின் என்ற தெரிவைக் கொடுங்கள். இனிக் கேள்வி அனுப்புவோர் கடைசி வரியை மட்டுமன்றி, முதல் பிழை தோன்றிய இடத்தையும் சேர்த்து அனுப்பினால் பதில் சொல்வது எளிது.

கேள்வி: இமேஜைச் சிறிதாக்குவதற்காக இரண்டு கட்டங்களாகப் பிரித்தேன். கம்பைல் நடக்கும் பில்டர் கட்டத்தில் டெசராக்ட் ஓடுகிறது. இறுதி இமேஜில் லிப்டெசராக்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது.

பதில்: அடிக்கடி வரும் சிக்கல் இதுதான். டெசராக்ட் என்ற இயங்குகோப்பு சிறியது. உண்மையான வேலை முழுவதும் லிப்டெசராக்ட் என்ற பகிர்நூலகத்தில் நடக்கிறது, அதுவோ லெப்டோனிக்காவைச் சார்ந்தது, லெப்டோனிக்கா மேலும் பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் நூலகங்களைச் சார்ந்தது. இயங்குகோப்புகள் உள்ள 'பின்' என்ற அடைவை மட்டும் காப்பி செய்தால் இவை எதுவும் உடன் வராது. பில்டர் கட்டத்தில், ஒரு கோப்பு சார்ந்துள்ள நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை ஓட்டி, அது காட்டும் பட்டியலை இறுதி இமேஜில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். லிப் அடைவையும் காப்பி செய்து, லெப்டோனிக்காவின் இயக்கத் தொகுப்பை நிறுவி, பிறகு நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ஒருமுறை ஓட்டுங்கள்; இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால், கோப்பு இருந்தும், நூலகங்களை ஏற்றும் லோடரின் கண்ணுக்கு அது படாமல் போகலாம்.

பில்டர் கட்டம் ஆல்பைன் என்ற வேறு லினக்ஸ் வகையாகவும் இறுதி இமேஜ் டெபியனாகவும் இருந்தால் கதையே வேறு. அப்போது, எல்எஸ் போட்டால் கண்முன்னே தெரியும் கோப்பையே "அப்படியொரு கோப்பு இல்லை" என்று ஷெல் சாதிக்கும். இல்லாதது அந்தக் கோப்பு அன்று, அதனுள் பெயர் குறிக்கப்பட்டுள்ள, ஆல்பைனின் சி நூலகமான மசலின் லோடர். டெபியனில் இருப்பது ஜிலிப்சி என்ற வேறொரு சி நூலகத்தின் லோடர். இரு கட்டங்களுக்கும் ஒரே டெபியன் பதிப்பை வைப்பதே வழி. லோடரை மட்டும் கொண்டுவந்து ஒட்டுப்போடும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஐயா, ஆங்கிலம் சரியாக வருகிறது, தமிழுக்கான 'டாம்' தரவுக்கோப்பை இமேஜில் சேர்த்தும் "மொழியை ஏற்ற முடியவில்லை" என்கிறது.

பதில்: முதலில் கண்டெய்னருக்குள் சென்று அந்தக் கோப்பின் முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். டாக்டைப் எச்டிஎம்எல் என்று தொடங்கினால், கிட்ஹப்பில் கோப்பைக் காட்டும் பக்கத்தின் முகவரியை டாக்கர்ஃபைலில் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். கோப்பை மட்டும் அப்படியே தரும் 'ரா' முகவரிதான் தேவை. பதிவிறக்கம் வெற்றி என்றே கட்டளை சொல்லும், பில்டும் பச்சையாகவே முடியும் என்பதால் இதைக் கண்டுபிடிக்க நேரமாகிறது. கோப்பு சரியாக இருந்தால், மொழித் தரவுக்கோப்புகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் டெஸ்டேட்டா-ப்ரீஃபிக்ஸ் மாறியைப் பாருங்கள்: 3-ஆம் வரிசைப் பதிப்புகளில் அது டெஸ்டேட்டா அடைவின் தாய் அடைவைக் குறித்தது; இப்போதைய 5-ஆம் வரிசையில் டெஸ்டேட்டா அடைவையே குறிக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதியவர்கள் இதில் இடறுகிறார்கள்.

கேள்வி: ஆப்ட்-கெட் இன்ஸ்டால் வரியில் திடீரென 404 வருகிறது. சென்ற மாதம் ஓடிய அதே டாக்கர்ஃபைல்தான்.

பதில்: தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட் தனி ரன் வரியில் இருக்கிறது, அதன் லேயர் (டாக்கர் முன்பே சேமித்துவைத்த விளைவு) கேச்சிலிருந்து வருவதால், களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்ட பழைய பதிப்பைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே ரன் வரியில் இணையுங்கள். அடிப்படை இமேஜ் டெபியன் 9 போல ஆதரவு முடிந்ததாக இருந்தால், களஞ்சியமே காப்பகத்துக்குப் போயிருக்கும்; இமேஜை மாற்றுவதே நல்லது.

கேள்வி: என் மடிக்கணினியில் ஓடும் இமேஜ், பழைய சர்வரில் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று 132 என்ற வெளியேற்ற எண்ணோடு விழுகிறது.

பதில்: கம்பைலர் கொடிகளில் 'மார்ச் நேட்டிவ்' சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது பில்ட் நடக்கும் கணினியின் பிராசஸருக்கே உரிய கட்டளைகளை இமேஜில் பதித்துவிடும். டெசராக்ட் ஏவிஎக்ஸ்2 போன்ற பிராசஸர் கட்டளைகள் இருக்கின்றனவா என்று இயங்கும்போதே சோதித்துத் தகுந்த வழியைத் தேர்ந்துகொள்கிறது. ஆகவே அந்தக் கொடியை நீக்கி, கேச் இல்லாமல் மீண்டும் பில்ட் செய்யுங்கள்.