ஃபில்டரால் எதைச் சரிசெய்யலாம், எதை முடியாது?

கேள்வி: 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள அறையில் ஸ்டீரியோ கேட்கிறேன். சில பேஸ் நோட்டுகள் அறையே அதிரும்படி இரைகின்றன. 70 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றுமே கேட்பதில்லை. அங்கே ஈக்வலைசரில் 10 டெசிபல் ஏற்றியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 10 டெசிபலை எடுத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபையர் அதற்காக 10 மடங்கு பவர் கொடுக்க வேண்டும், 70 ஹெர்ட்ஸில் ஒலி இறங்கிக் கிடக்கும் பள்ளமோ நிரம்பாது. ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலியும் அதன் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதால் வருகிற பள்ளம் அது. நீங்கள் ஏற்ற ஏற்ற இரண்டும் சேர்ந்தே ஏறும். டேப் வைத்து அளந்து பாருங்கள்: சுவருக்கும் ஸ்பீக்கரின் முகப்புக்கும் 1.2 மீட்டர் இருந்தால், ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அதன் நான்கு மடங்கால் வகுக்க, சுமார் 71 ஹெர்ட்ஸ். இடைவெளியை 30 செ.மீ.க்குக் குறைத்தால் பள்ளம் 280 ஹெர்ட்ஸைத் தாண்டிப்போய் ஆழமும் குறையும். பேஸ் கூடும்தான், கூடியதைக் குறைப்பது ஃபில்டருக்கு, அதாவது ஈக்வலைசரில் குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி இறக்கும் அமைப்புக்கு, சுலபம்.

இரைச்சல் வேறு சங்கதி. 4 மீட்டர் நீளம் 43 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டர் அகலம் 57 ஹெர்ட்ஸிலும் அறையை ஒலிக்க வைக்கும். ஒலி இப்படி உயர்ந்து நிற்கும் மேடுகளை ஃபில்டரால் வெட்டலாம். அறையின் ஒலியை அளக்க, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும், கேலிபரேஷன் ஃபைலோடு (மைக்கின் பிழையைத் திருத்தும் கோப்பு) வரும் யூஎஸ்பி மைக்கும் போதும். ஃபோன் மைக்கை பேஸ் விஷயத்தில் நம்ப வேண்டாம். உட்காரும் இடத்தில், காது உயரத்தில் ஒன்று, சுற்றி 30 செ.மீ.க்குள் நாலைந்து என அளந்து சராசரி எடுங்கள். ஓரிடத்தில் மட்டும் தெரியும் மேட்டைத் தொடாதீர்கள். தலையை நகர்த்தினால் அது இருக்காது.

43 ஹெர்ட்ஸ் மேடு 9 டெசிபல் உயரமும், உச்சியிலிருந்து 3 டெசிபல் இறங்கும் இடங்களுக்கிடையே 9 ஹெர்ட்ஸ் அகலமும் இருந்தால், 43 ஹெர்ட்ஸில் மைனஸ் 7 டெசிபல், கியூ 5 (43-ஐ அகலமான 9-ஆல் வகுத்தால் வருவது) என்று ஒரு பீக் ஃபில்டர் போடுங்கள். ஃபில்டரின் வடிவம் மேட்டோடு ஒத்துப்போனால் அந்த நோட்டு இழுபடும் நேரமும் குறையும். இப்படி நான்கைந்து ஃபில்டர், அதுவும் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். அதற்கு மேல் சின்னச் சின்ன மேடுபள்ளங்களை நோண்டினால் குரல்கள் செயற்கையாகிவிடும். பேஸைக் கோடு போட்டதுபோல் தட்டையாக்கவும் வேண்டாம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3, 4 டெசிபல் உயர்ந்திருந்தால்தான் பெரும்பாலோர் காதுக்கு இயல்பு. எங்காவது 2 டெசிபல் ஏற்ற நேர்ந்தால் ப்ரீஆம்ப்பை (ஈக்வலைசரின் மொத்த ஒலி அளவை) அதே அளவு இறக்குங்கள், இல்லையேல் உரத்த இடங்களில் ஒலி சிதையும்.

கடைசியில் மறுபடி அளந்து பாருங்கள். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் ஃபில்டர் போட்டும் வரைபடம் மாறவே இல்லையென்றால், ஏஎஸ்ஐஓ டிரைவர் (விண்டோஸின் ஒலி அமைப்பைத் தாண்டி நேரே சவுண்ட் கார்டுக்குப் போகும் வழி) வழியாக அளக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த வழியும், பிளேயர் சவுண்ட் கார்டைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் எக்ஸ்குளூசிவ் மோடும் ஃபில்டரைத் தொடாமலே ஒலியை அனுப்பிவிடும்.