நாற்பது கேள்விகள்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. பேச்சு இல்லை. நாள் முழுவதும் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்குகிறான். "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்கிறார் மாமியார். நான் கைப்பேசி கொடுத்ததுதான் காரணம் என்றும் பேச்சு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினால் காலத்துக்கும் முத்திரை விழுந்துவிடும் என்று கணவர் மறுக்கிறார். என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்), ஈரோடு

அன்புள்ள சகோதரி,

கைப்பேசிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சியே கிடையாது. பின்னாளில் தாய்க்குப் பாசம் போதவில்லை என்று பழி போட்டார்கள். அதுவும் பொய்யென்று ஆனது. அன்று பாசம், இன்று கைப்பேசி. கூண்டில் நிற்பது மட்டும் அதே அம்மா.

என் மகளுக்கு இப்போது 16 வயது. சின்னவளாக இருந்தபோது, தாகம் எடுத்தால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் என் கையைக் குடத்தின் மேல் வைப்பாள். பேச்சு வந்த பிறகு, "தண்ணீர் வேண்டுமா?" என்று எங்களைக் கேட்பாள். நாங்களும் பூரித்துப்போய், "வேண்டாம்டா கண்ணு" என்போம். உடனே அழுவாள். நாங்கள் கேட்கும் கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்லித் தண்ணீர் கேட்கிறாள் என்று புரியவே சில வாரங்கள் ஆயின. ஆட்டிசம் என்ற பெயர் தெரிந்ததால்தான் தேடிப் படித்தேன். கானர் பார்த்த குழந்தைகளும் இப்படிப் பேசியிருக்கிறார்கள். (ஆட்டிசத்தை 'மதியிறுக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அவள் மதியில் எந்த இறுக்கத்தையும் நான் பார்த்ததில்லை.)

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. சான்றிதழுக்கு 40 கேள்விகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். கண்ணைப் பார்ப்பதில்லையா, செய்ததையே செய்கிறாளா என்று நீளும். பெற்ற பிள்ளையைக் குறைகளாகப் பிரித்துச் சொல்வது கொடுமைதான். எண் கூடினால் வயிற்றைக் கலக்கும். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் பல சலுகைகள் கிடைக்காதே என்று இன்னொரு கலக்கம். இரண்டையும் ஒரே பகலில் பட்டவன் நான். ஆனாலும் வாங்குங்கள். நிரமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு இந்தத் தாள் வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு அந்தத் தாள் தேவையில்லை, பயிற்சியை இந்த வாரமே தொடங்குங்கள். மாமியாரையும் ஒருமுறை உடன் அழைத்துப் போங்கள்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். பள்ளியில் 'அடங்காதவன்' என்றும் பஸ்ஸில் 'வளர்ப்பு சரியில்லை' என்றும் விழுகிற முத்திரைக்கு எந்த மருத்துவரின் கையெழுத்தும் தேவைப்படுவதில்லை.

சான்றிதழுக்குப் போகும் நாளில் அவனுடைய மூடிகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே வரிசை நீளமாக இருக்கும்.