மகள் பையில் காலி மாத்திரை அட்டை

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஹாஸ்டலில் தங்கி, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். லீவுக்கு வந்தவளின் பையிலிருந்து அழுக்குத் துணியை எடுக்கும்போது, அவசர கருத்தடை மாத்திரையின் காலி அட்டை கிடைத்தது. அவளிடம் இன்னும் கேட்கவில்லை. கர்ப்பப்பை கெட்டுவிடுமா? அவள் அப்பாவிடம் சொல்லவா?

பதில்: அப்பாவிடம் இப்போது வேண்டாம். முதலில் அவளிடம் பேசுங்கள், "யாருடி அவன்?" என்று தொடங்காமல், "துணி எடுக்கும்போது பார்த்தேன், எப்போ போட்ட? அதுக்கப்புறம் பீரியட்ஸ் வந்துச்சா?" என்று. அவள் சம்மதத்தோடுதான் நடந்ததா என்பதையும் மெதுவாகக் கேளுங்கள். இல்லையென்றால் பிரச்சினையே வேறு.

கர்ப்பப்பை கெடாது. இந்த அவசர மாத்திரை, அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் கலைக்காது. மாதவிடாய் சில நாள் முன்பின் ஆகலாம், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை கார்டு வாங்கி, காலை முதல் சிறுநீரில் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒன்று போட்டால் அந்த மாதம் முழுக்கப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். முட்டை தள்ளித்தானே போயிருக்கிறது, அதனால் அதே மாதம் மறுபடி பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டால் கரு தங்க நன்றாகவே வாய்ப்புண்டு.

இன்னொன்று, இதை உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்றுதான் சட்டம், ஆனால் தமிழ்நாட்டில் பல கடைகளில் வைப்பதே இல்லை, கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அதெல்லாம் வர்றதில்லம்மா" என்பார்கள். கடை கடையாக அலைவதிலேயே நேரம் போய்விடும். இதை நம்பி இருக்க முடியாது.

அவளுக்குத் தேவை, தொடர்ந்து கடைப்பிடிக்கும் ஒரு முறை. ஆணுறை கட்டாயம், பால்வினை நோயையும் தடுப்பது அது ஒன்றுதான். கூடவே தினசரி மாத்திரை வேண்டுமென்றால் மாலா-என் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்: 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து. தினமும் போட மறப்பவள் என்றால் 'சாயா' மாத்திரை, ஹார்மோன் கிடையாது, முதல் 3 மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும் உண்டு, காப்பர்-டியும் உண்டு. குழந்தை பெறாதவர்களும் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். கண்ணில் வெளிச்சம் மின்னி வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிட்டாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், தினசரி மாத்திரை ஒத்துவராமல் போகலாம், அல்லது வேலை செய்யாமல் போகலாம்.

எது வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். 18 முடிந்தவளுக்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. (18-க்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் தர வேண்டியிருக்கும், அதற்காக சிகிச்சையை மறுக்கக் கூடாது.) கூடப் போங்கள், ஆனால் அவள் பேசும்போது வெளியே உட்காருங்கள். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டு முகம் சுளிக்கும் டாக்டர் என்றால் ஃபீஸைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள், வேறு டாக்டரைப் பார்க்கலாம்.