குளிர்காலத்தில் நீலகிரி வழியாக 200 கிலோமீட்டர்: குழுவாகச் சைக்கிளில் செல்வோர் கவனத்திற்கு

கேள்வி: எனக்கு 43 வயது, கோவையில் வசிக்கிறேன். ஓராண்டாகக் கியர் சைக்கிள் ஓட்டி வருகிறேன். ஞாயிறுதோறும் நண்பர்களுடன் சமவெளியில் 60 முதல் 80 கிலோமீட்டர் வரை செல்வது வழக்கம். வரும் ஜனவரியில் எட்டுப் பேர் சேர்ந்து மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு ஏறி, குன்னூர் வழியாக அன்றே கோவை திரும்பத் திட்டமிட்டுள்ளோம். கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் வருகிறது. ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி அதை 200 ஆக்கி, பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) விதிப்படி 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க விரும்புகிறோம். குளிருக்கு என்ன உடுத்த வேண்டும்? குழுவாக ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உடுப்பைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் நேரக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். எந்த மணிக்கு எந்த உயரத்தில் இருப்பீர்கள் என்பது தெரிந்தால்தான் குளிர் எங்கே உங்களைப் பிடிக்கும் என்று சொல்ல முடியும்.

நீங்கள் குறிப்பிடும் 13 மணி 30 நிமிட வரம்பு, 1904இல் தொடங்கப்பட்ட பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் உலகெங்கும் நடைமுறைப்படுத்தும் விதியாகும். இந்தியாவில் அதன் சார்பில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பு இப்பயணங்களை அங்கீகரிக்கிறது. பிரெவேயில் முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. ஆனால் ஓட்டுபவர்கள் வந்து சென்றதைப் பதிவு செய்ய வழியில் அமைக்கப்படும் ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் மூடும் நேரம் உண்டு. பொதுவாக மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற சராசரியில் அது கணக்கிடப்படுகிறது. சாலை சமவெளியா, மலையா என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

இதை உங்கள் பாதையில் பொருத்திப் பாருங்கள். காலை 6 மணிக்குப் புறப்பட்டால், மேட்டுப்பாளையம் வரையிலான 35 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். அதற்குப் பின் வரும் ஏறத்தாழ 33 கிலோமீட்டரில் சாலை சுமார் 1,450 மீட்டர் உயர்ந்து கோத்தகிரியைத் தொடுகிறது. மலையேறிப் பழகாதவர் மணிக்கு 9 கிலோமீட்டர் சென்றாலே நல்ல வேகம்தான். அந்தக் கணக்கில் கோத்தகிரியை அடைய 11 மணி 10 நிமிடமாகிவிடும். அங்கே 20 நிமிடம் இளைப்பாறி, மேலும் ஏறி இறங்கும் 30 கிலோமீட்டரை மணிக்கு 14 கிலோமீட்டர் வீதம் கடந்தால், ஊட்டியில் நுழையும்போது பிற்பகல் ஒன்றரை மணியைத் தாண்டியிருக்கும். ஏறக்குறைய 98ஆவது கிலோமீட்டரில் அமையும் ஒரு சாவடி 12 மணி 32 நிமிடத்துக்கே மூடியிருக்கும். எனவே, 200 கிலோமீட்டரை முதன்முறையாக ஓட்டும் நீங்கள் இந்தப் பாதையில் அந்த வரம்பைக் கைவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நண்பர்களாகச் சேர்ந்து போகும் பயணம் பதிவு செய்யப்பட்ட பிரெவே அல்ல என்பதால், கடிகாரத்தைத் துரத்துவதால் சான்றிதழும் கிடைக்கப்போவதில்லை. அந்த ஆசை இருந்தால், சமவெளிப் பாதையில் முறையாக நடத்தப்படும் ஒரு 200 கிலோமீட்டர் பிரெவேயில் பெயர் கொடுத்து நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

மலைக்குச் செல்லும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக, 5 மணிக்கே புறப்படுங்கள். ஜனவரியில் கோவைப் பகுதியில் 6.40 மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கிறது. ஆகவே மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்போது வெளிச்சம் வரத் தொடங்கியிருக்கும். இதைவிட முன்னதாகப் புறப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனைப் பகுதி யானைகள் நடமாடும் இடம். சத்தமில்லாமல் வரும் சைக்கிள், வளைவில் யானைக்கு மிக அருகில் போய் நிற்கும் அபாயம் இருட்டில் அதிகம்.

இனிக் குளிரைப் பார்ப்போம். ஜனவரியில் ஊட்டியைச் சுற்றியுள்ள தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் அதிகாலையில் உறைபனி படிவதைச் செய்திகளில் படித்துவிட்டுப் பலரும் தடித்த உடுப்புகளோடு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் ஊட்டியைத் தொடும் நண்பகல் வேளையில் வெயிலில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கக்கூடும். பெடல் மிதிக்கும் உடலுக்கு அது குளிரே அல்ல. ஏறும்போது உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. குளிர் பிடிப்பது நின்ற பிறகும் இறங்கும்போதும்தான். அப்போது வெப்ப உற்பத்தி சட்டென்று குறைகிறது. ஏறும்போது சேர்ந்த வியர்வையோ தோலோடு ஒட்டியிருந்து, காற்றுப்பட்டு ஆவியாகும்போது உடலின் சூட்டையும் கொண்டுபோகிறது. குளிர்காலப் பயணத்துக்கான ஏற்பாடுகள் அனைத்தும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

நான் இதைக் கற்றுக்கொண்ட இடம் தொட்டபெட்டா சந்திப்பு. கோத்தகிரியிலிருந்து மற்றவர்களுக்கு முன்னால் ஏறி வந்துவிட்டு, வியர்வையில் ஊறிய ஜெர்சியோடு சாலையோரத்தில் 25 நிமிடம் நண்பர்களுக்காகக் காத்திருந்தேன். அவர்கள் வந்ததும் கடலை மிட்டாய் எடுத்துக்கொள்ளலாம் என்று பையைத் திறந்தால், விரல்கள் அதன் உறையைப் பிடிக்க மறுத்தன. பல்லால் கிழிக்க வேண்டியதாயிற்று. அதே விரல்களை நம்பித்தான் அடுத்து ஊட்டிக்கு இறங்கினேன். முதல் வளைவில் பிரேக்கை அழுத்துகிறேனா, தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேனா என்பதே எனக்குத் தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டி, கைகளை அக்குளில் பத்து நிமிடம் பொத்தி வைத்திருந்த பிறகுதான் உணர்ச்சி திரும்பியது. அன்று வெப்பநிலை பத்து டிகிரிக்குக் குறைவாகக்கூட இல்லை.

ஆகவே ஏற்றம் தொடங்கும் முன்பே, சற்றுக் குளிர்கிறதே என்று தோன்றும் அளவுக்கு உடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தோலை ஒட்டி, வியர்வையை உறிஞ்சி வெளித்தள்ளும் மெல்லிய பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உள்ளாடை ஒன்று. அதன் மேல் வழக்கமான ஜெர்சி. கைகளுக்கு, மணிக்கட்டிலிருந்து மேல்கை வரை மூடும், கழற்றி மடித்து வைத்துக்கொள்ளக்கூடிய துணிக் குழல்கள். ஏறுவதற்கு இவை போதும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதுகுப் பையில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், உலர்ந்த உள்ளாடை இன்னொன்று, காற்றுப் புகாத மெல்லிய விண்ட்சீட்டர், விரல் முழுவதையும் மூடும் கையுறை, காதை மூடும் துணிப்பட்டை ஆகியவை இருக்கட்டும். ஊட்டியில் சாப்பிட உட்காரும் முன்பாகவே ஈர உள்ளாடையைக் கழற்றி உலர்ந்ததை அணிந்துவிடுங்கள். சாப்பிட்ட பின் மாற்றுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று மாலை உணர்வீர்கள். விண்ட்சீட்டரை மறந்துவிட்டால், நாளிதழ் ஒன்றை மடித்து ஜெர்சிக்குள் மார்பை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் நெடுங்காலமாகக் கையாளப்பட்ட முறை அது. இன்றும் அது பலன் தருகிறது.

மதியத்துக்குப் பின் நிலைமை வேகமாக மாறும். ஊட்டியிலிருந்து கேத்தி, அருவங்காடு, வெலிங்டன் வழியாகக் குன்னூருக்கு இறங்கும்போது மரநிழலும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். காற்றின் வேகத்தைச் சேர்த்து உணர்குளிரைக் கணக்கிடும் வாய்பாட்டின்படி, 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவரின் தோல் சுமார் 6 டிகிரிக் குளிரை உணரும்; 5 டிகிரியாக இருந்தால் அது பூச்சியத்துக்கும் சற்றுக் கீழே போய்விடும். உடுப்பு ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எனவே, விண்ட்சீட்டரின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிய பின்னரே இறக்கத்தில் காலெடுத்து வையுங்கள். பாதி வழியில் நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினால் அதற்குள் கைகள் விறைத்திருக்கும்.

குழுவாக ஓட்டுவதில் பயனும் உண்டு, பிழையும் உண்டு. சமவெளியில் முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றால் காற்றின் எதிர்ப்பு குறைந்து, அதே வேகத்துக்குக் குறைந்த உழைப்பே போதுமானதாகிறது. மேட்டுப்பாளையம் வரை ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒருவர் முன்னே வந்து காற்றைத் தாங்கிச் செல்வது நல்லது. அவ்வாறு செல்லும்போது உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னவர் ஓர் அங்குலம் விலகினாலும் விழுபவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். குழி, வேகத்தடை, பின்னால் வரும் வண்டி ஆகியவற்றை முன்னாலிருப்பவரும் பின்னாலிருப்பவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையைக் காட்டினால் போதும் என்று விடியற்காலை இருட்டில் எண்ணக் கூடாது.

மலைச்சாலையில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை; எனவே ஒட்டிச் செல்வதால் பயனும் இல்லை. அவரவர் மூச்சுக்கேற்ற வேகத்தில் பிரிந்து ஏறட்டும். பிறருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க முயல்பவர்தான் அதிகமாக வியர்த்து, உச்சியில் முதலில் நடுங்குவார். மீண்டும் கூடும் இடங்களைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அவை கூரையும் சுவரும் உள்ள தேநீர்க் கடைகளாக இருக்கட்டும், காற்று வீசும் வளைவுகளாகவோ காட்சிமுனைகளாகவோ இருக்க வேண்டாம். காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் வராதவர் கைப்பேசியில் தகவல் சொல்ல வேண்டும். கடைசியில் வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததுமே மற்ற ஏழு பேரும் எழுந்துவிடுவது பல குழுக்களில் நடக்கிறது. மிகக் களைத்தவருக்கே மிகக் குறைந்த ஓய்வு என்பது நியாயமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. அனுபவமுள்ள ஒருவர் அவருக்குத் துணையாகக் கடைசிவரை பின்னால் வர வேண்டும்.

இறக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக, குறைந்தது பத்து சைக்கிள் நீள இடைவெளி விட்டு இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்பு அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். இல்லையெனில் ரிம்மும் பிரேக் கட்டையும் சூடேறும், விரல்களும் களைத்துப்போகும்.

குளிரில் தாகம் தெரியாது. அதனால் குடிப்பதை மறந்துவிடுவோம். மணிக்கு அரை லிட்டர் என்ற அளவை மனத்தில் வைத்து, தாகம் எடுக்காவிட்டாலும் சிறுகச் சிறுகக் குடியுங்கள். உணவில், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. நடுத்தர அளவுள்ள ஒரு ரொபஸ்டா வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். அதனுடன் ஒரு கடலை மிட்டாயும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குப் போதும். கோத்தகிரியில் இரண்டு இட்லியும் சூடான சுக்குக் காப்பியும் போதுமானவை. வயிறு முட்டப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஏற்றத்தைத் தொடங்கினால் மந்தம் தட்டும்.

குழுவில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. ஒருவர் கட்டுப்பாடின்றி நடுங்குகிறார், பேச்சுக் குழறுகிறது, ஜிப்பை இழுக்கத் தடுமாறுகிறார் என்றால் அவரது உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. அவரைத் தொடர்ந்து ஓட்ட விடாதீர்கள். காற்றுப்படாத இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈர உடுப்பை மாற்றி, போர்த்தி, தெளிவாக விழுங்க முடிகிறதென்றால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்கக் கூடாது. மது கொடுக்கவே கூடாது. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலேயே நடுக்கம் நின்று மந்தமாகிறார் என்றால், அது தேறியதன் அறிகுறி அன்று. தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

புறப்படும் முன் எட்டுப் பேரும் ஒப்புக்கொள்ள வேண்டிய இரண்டு வரம்புகள் உள்ளன. கோத்தகிரியைக் காலை 11 மணிக்குள் தொடாவிட்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்; அப்படித் திரும்பினாலும் 136 கிலோமீட்டர் ஓட்டியிருப்பீர்கள். ஊட்டியைவிட்டு 2 மணிக்குள் கிளம்ப முடியாவிட்டால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள். ஜனவரியில் மாலை 6.15 மணியளவில் சூரியன் மறைந்துவிடும்; பர்லியார், கல்லாறு காட்டுப் பகுதியை அதற்கு வெகு முன்பாகவே கடந்திருக்க வேண்டும். எல்லாம் திட்டப்படி நடந்தால்கூட மேட்டுப்பாளையத்துக்குப் பிந்தைய சமவெளிப் பகுதியில் இருட்டிவிட வாய்ப்புண்டு. ஆகவே முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி எதிரொளிக்கும் மேலாடை மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். குளிரில் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், காலையில் பயன்படுத்திய விளக்கை ஊட்டியில் சாப்பிடும் நேரத்தில் மின்னேற்றிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே உடுப்போடும் இதே பையோடும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை ஏறி இறங்கிப் பாருங்கள். மேலே நின்று, கையுறையை அணிந்துகொண்டே ஒரு டியூபை மாற்ற முடிகிறதா என்று முயன்று பாருங்கள். முடியவில்லையென்றால் மெல்லிய கையுறை வாங்க இன்னும் நாள் இருக்கிறது. கீழே வந்ததும் பிரேக் கட்டைகளில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் ஜனவரிப் பயணத்துக்கு முன் புதியவற்றைப் பொருத்திவிடுங்கள்.