பெட் ஸ்கேன் படம் எப்படி வருகிறது? கேள்வி பதில்

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி): டிடெக்டர் (கதிரை எண்ணும் கருவி) எண்ணியதை அப்படியே படமாகப் போட்டால் என்ன சார்?

பதில்: முடியாதும்மா. குழம்பு வைப்பது நேர்க்கணக்கு. ருசி பார்த்து எதை எவ்வளவு போட்டார்கள் என்று சொல்வது தலைகீழ்க் கணக்கு. பெட்டில் உடம்புக்குள் செலுத்திய கதிரியக்க மருந்தால் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) இரண்டு எதிரெதிர்த் திசையில் கிளம்பி இரண்டு டிடெக்டரில் விழும். அந்தக் கோட்டில் எங்கோ நடந்தது, அவ்வளவுதான். ஆக, கையில் இருப்பது கூட்டுத்தொகை. இரண்டுக்கு இரண்டு கட்டம் போடுங்கள்; கிடையாகவும் நெடுக்காகவும் எல்லாக் கூட்டும் 5. மேலே 2, 3, கீழே 3, 2 பொருந்தும். மேலே 1, 4, கீழே 4, 1 என்றாலும் பொருந்தும். மூலைவிட்டம் 4 என்று தெரிந்தால்தான் முதலாவது என்று தீரும். பல கோணத்தில் அளப்பது இதற்குத்தான். கூட்டுத்தொகைகளிலிருந்து உருவத்தை மீட்கலாம் என்று கணித அறிஞர் ராடோன் 1917இலேயே காட்டிவிட்டார். ஆனால் அவர் கணக்கில் பிழை கிடையாது. நமக்கோ 100 எண்ணினால் 10 முன்பின் இருக்கும். அந்தப் பிழை படத்தில் ஊதிப் பெருகும்; வம்பே அங்கேதான்.

கேள்வி: எத்தனை இட்டரேஷன் (படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தும் சுற்று) வைக்கலாம்?

பதில்: உங்கள் மெஷினில் ஃபாண்டம் (உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்த சோதனைப் பொம்மை) வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எஸ்யூவி (கட்டி எவ்வளவு மருந்தை உறிஞ்சியது என்று காட்டும் எண்) 6 இருந்தது, இப்போது 8. நோய் ஏறிவிட்டதா?

பதில்: அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே மெஷினா, ஒரே ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் (படத்தை மீட்கும் கணக்கு) செட்டிங்கா என்று கேளுங்கள். செட்டிங் மாறினாலே சின்னக் கட்டியின் எண் மாறும். வாய் வலிக்கச் சொல்கிறேன், செட்டிங் வேறானால் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி (மென்பொருள் நண்பர்): கன்வர்ஜ் ஆகும் முன்பே (கணக்கு ஒரு முடிவில் நிலைக்கும் முன்பே) நிறுத்துவது ஏமாற்றுதானே?

பதில்: வாங்க! 1982இல் ஷெப்பும் வார்டியும் எழுதிய எம்எல்இஎம் என்ற கணக்குமுறை இதுதான்: ஒரு ஊகப்படம் வை; அதிலிருந்து வர வேண்டிய எண்ணிக்கையைக் கணக்கிடு; அளந்ததை அதனால் வகு; விகிதத்தைப் பின்னோக்கிப் பரப்பிப் படத்தைப் பெருக்கு. முதலில் உடம்பு தெரியும், பிறகு உறுப்பு, கடைசியில் இரைச்சல். முழுக்க ஓடவிட்டால் இரைச்சலையும் நோயாளியின் தலையில் கட்டும்.

அவரே: அப்போ நிறுத்துவது உங்கள் இஷ்டம்!

பதில்: ஆமாம். அதோடு சூடான இடம் சீக்கிரம் தேறும், குளிர்ந்த இடம் பின்தங்கும். அந்த அநியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பெனால்டி (இரைச்சலான படத்துக்குக் கணக்கிலேயே அபராதம்) போட்டால் மட்டும்? அதன் பலத்தை வைப்பதும் ஒருவர் இஷ்டம்தான். ஆனால் அங்கே இஷ்டம் சமன்பாட்டிலேயே எழுதியிருக்கும். அந்த அளவில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

இன்னொருவர்: ஏஐ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பதில்: அதுவும் முன்முடிவுதான், பழைய படங்களில் கற்றது. டிடெக்டர் எண்ணாத கட்டியை அது வரைந்தால் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: ஓசெம்மில் (அளவுகளைச் சப்செட்டுகளாகப் பிரித்து வேகமாக ஓடும் எம்எல்இஎம்) 3 இட்டரேஷன், 21 சப்செட் போதுமா?

பதில்: ஃபாண்டம்!